டவுன்ஹில் ஓட்டும்போது உள்ளே அணியும் பாதுகாப்புக் காற்சட்டை: எதைப் பார்த்து வாங்குவது?

பர்னபிவாசி:

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் பர்னபியில் வசிக்கிறேன். இரண்டு கோடைகளாக விஸ்லர் மலைச் சைக்கிள் பூங்காவில் டவுன்ஹில், அதாவது மலைச்சரிவில் சைக்கிளில் இறங்குவது, பழகி வருகிறேன். முதல் ஆண்டு முழுவதும் 'ஈஸி டஸ் இட்' என்ற எளிதான பச்சைப் பாதையை விட்டு வெளியே போகவில்லை. இந்த ஆண்டுதான் துணிந்து 'பி-லைன்' என்ற, சற்றுக் கடினமான நீலப் பாதைக்கு மாறினேன். சென்ற மாதம், மண் காய்ந்து மாவாகக் கிடந்த ஒரு வளைவில் நான் தேவையில்லாமல் முன் பிரேக்கைப் பிடித்ததால் சக்கரம் வழுக்கி, இடப்பக்கமாக விழுந்தேன். தலைக்கவசமும் முழங்கால் காப்பும் என்னைக் காப்பாற்றின. இடுப்பின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் எலும்பு மட்டும் நேராகத் தரையில் மோதிவிட்டது. மூன்று வாரம் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. கன்றிய இடம் நாவற்பழ நிறத்தில் தொடங்கி, பச்சையாகி, மஞ்சளாகி, இப்போதுதான் மங்குகிறது.

அன்று நான் பேட் வைத்த உள்காற்சட்டை அணிந்திருந்தேன் என்பதுதான் எனக்கு விளங்காத விடயம். "மலைச் சைக்கிளுக்குப் பேட் வைத்த காற்சட்டை வேண்டும்" என்று கேட்டுத்தான் ஒரு கடையில் அதை வாங்கினேன். விழுந்த பிறகு வீட்டில் அதைத் திருப்பிப் பார்த்தால், மெத்தை போன்ற பகுதி கால்களுக்கு நடுவே உட்காரும் இடத்தில் மட்டுமே இருந்தது. இடுப்பின் பக்கத்தில் வெறும் மெல்லிய துணி.

இம்முறை சரியானதை வாங்க விரும்புகிறேன். இணையத்தில் பார்த்தால் 'லெவல் 1', 'லெவல் 2' என்கிறார்கள், டி3ஓ என்று ஏதோ பேட் பொருளைச் சொல்கிறார்கள், வால் எலும்புக்குத் தனி பேட் வேண்டும் என்று சிலரும், அது சீட்டில் இடறும் என்று சிலரும் சொல்கிறார்கள். தடித்தது வாங்கினால் ஜூலை வெயிலில் புழுங்கிப் போகுமோ என்ற தயக்கமும் உண்டு. 150 டொலர் வரை செலவழிக்க முடியும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.

சரிவுப்பாதை:

வணக்கம் நண்பரே. விழுந்தும் எலும்பு முறியாமல் வந்ததே பெரிய விஷயம். உங்களுக்கு நேர்ந்த குழப்பம் பலருக்கும் நேர்வதுதான். ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுவதால், கடையில் கேட்கும் சொல்லைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்.

நீங்கள் வாங்கியது இருக்கை மெத்தை வைத்த காற்சட்டை. ஷாமி என்பார்கள். ஒரு காலத்தில் அந்தப் பெயருடைய மலையாட்டின் மென்தோலை அங்கே தைத்தார்கள். இப்போது செயற்கை நுரை வந்துவிட்டாலும் பெயர் மாறவில்லை. மணிக்கணக்கில் சீட்டில் அமர்ந்து மிதிப்பவருக்கு அழுத்தமும் உராய்வும் குறைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். பூங்காவின் கம்பிவட லிஃப்ட்டில் மலைமேல் ஏறி, சீட்டை இறக்கிவிட்டு, பெடல்களின் மேல் நின்றபடியே இறங்கும் நமக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஏற்றத்தையும் மிதித்தே ஏறும் நாட்கள் உங்களுக்கு உண்டு என்றால் மட்டும் இருக்கை மெத்தையும் இடுப்புக் காப்பும் சேர்ந்த மாடலைப் பாருங்கள். அடுத்த முறை கடையில் "இடுப்புக்கு அடிக்காப்பு வைத்த உள்காற்சட்டை" என்று தெளிவாகக் கேளுங்கள்.

லெவல் பற்றிச் சொல்கிறேன். ஈஎன் 1621-1 என்ற ஐரோப்பியத் தரம் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் காப்புகளுக்காக எழுதப்பட்டது. சைக்கிள் காப்புகளைச் செய்பவர்களும் அதையே பின்பற்றுகிறார்கள். சோதனையில் 50 ஜூல் ஆற்றலுடன் ஓர் எடையைப் பேடின் மேல் விழச் செய்வார்கள். 5 கிலோ எடையை ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். பேடைத் தாண்டி அடியில் இறங்கும் விசையின் சராசரி 35 கிலோநியூட்டனுக்கு (விசையை அளக்கும் அலகு) மேல் போகாவிட்டால் லெவல் 1, 20 கிலோநியூட்டனுக்கு மேல் போகாவிட்டால் லெவல் 2. ஆக, லெவல் 2 பேட் உடலுக்குள் விடும் அடி குறைவு. ஆனால் அது பெரும்பாலும் தடிப்பாகவும் வெப்பமாகவும் இருக்கும்.

பேடை உறையிலிருந்து உருவிப் பாருங்கள். அதன் மேலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் சிறு படமும், தர எண்ணும், இடுப்புக்கானது என்பதைக் குறிக்கும் 'எச்' எழுத்தும், பரப்பின் வகையைக் காட்டும் 'ஏ' அல்லது 'பி' எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். 'ஏ' வகை குறைந்த பரப்பை மூடும்; 'பி' வழக்கமான பரப்பை மூடும். பேடில் பொறிப்பு எதுவும் இல்லாமல் அட்டைப்பெட்டியில் மட்டும் 'சான்று பெற்றது' என்று இருந்தால் எந்தப் பேடுக்குச் சான்று என்று கேளுங்கள். இடுப்பின் இரண்டு பேட்களுக்கு மட்டும் சான்று வாங்கிவிட்டு, தொடையிலும் வால் எலும்பிலும் சாதாரண நுரையை வைத்திருக்கும் காற்சட்டைகள் நிறைய. அது ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். கல்லில் உரசும்போது தோலைக் காக்க அந்த நுரை போதும். ஆனால் எங்கே எது இருக்கிறது என்று தெரிந்துதான் பணம் கொடுக்க வேண்டும்.

டி3ஓ போன்ற பொருள்கள் கையில் பிசைந்தால் களிமண் போல வளையும். சட்டென்று அடித்தால் அந்தக் கணத்தில் இறுகி, அடியைப் பரப்பிவிட்டு, மறுபடி இளகும். பாக் நிறுவனத்தின் விபிடி, லெட் நிறுவனத்தின் 3டிஎஃப் எல்லாம் இதே நோக்கில் வந்தவைதான். ஒரு குணத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: இவை குளிரில் விறைக்கும். செப்டம்பர் காலையில் முதல் லிஃப்ட் ஏறுவதற்கு முன் வண்டியின் டிக்கியில் இரவெல்லாம் கிடந்த காற்சட்டையை அணிந்தால் பலகையைக் கட்டிக்கொண்டது போல இருக்கும். உடல் சூட்டில் சிறிது நேரத்தில் இளகிவிடும். தலைக்கவசத்தின் நுரை ஒரு பெரிய அடியோடு தன் ஆயுளை முடித்துக்கொள்ளும். இவை அப்படியல்ல, பல அடிகளைத் தாங்கும். ஆனால் வெடிப்போ கிழிசலோ தெரிந்தால் மாற்றிவிட வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, என் அனுபவத்தில் பிராண்டையும் லெவலையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. விழும் நேரத்தில் பேட் எலும்பின் மேல் இருக்கிறதா என்பதுதான் அது. நாம் விழுந்த இடத்திலேயே நிற்பதில்லை, சறுக்குகிறோம். சறுக்கும்போது தரை துணியைப் பிடித்து இழுக்கும். காற்சட்டை தொளதொளவென்று இருந்தால் அந்த இழுப்பில் பேட் மேலே ஏறி, எலும்பு வெறுமையாக நிற்கும். எனக்கு 'ஏ-லைன்' பாதையில் அப்படித்தான் ஆனது. லெவல் 2 பேட் தொப்புள் மட்டத்துக்கு ஏறி இருந்தது. சிராய்ப்பு அதற்குக் கீழே. அளவு ஒன்று பெரியதாக வாங்கியிருந்தது என் தவறு.

எலும்பும்_தசையும்:

வணக்கம். நான் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். மேலே நண்பர் சொன்ன கடைசிச் செய்தியை உடலின் பக்கத்திலிருந்து விளக்குகிறேன்.

பர்னபிவாசி மோதிக்கொண்டது தொடை எலும்பின் மேல்முனையில் வெளிப்பக்கமாகப் புடைத்து நிற்கும் பகுதியை. அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவே தசை மிகக் குறைவு. அதனால்தான் பக்கவாட்டில் விழும் எவருக்கும் அது முதலில் தரையைத் தொடுகிறது. பலர் அந்த எலும்பு பெல்ட் கட்டும் இடத்தில் இருப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் அது அதைவிடக் கணிசமாகக் கீழே இருக்கிறது. கண்டுபிடிப்பது எளிது. நின்றுகொண்டு உள்ளங்கையை இடுப்பின் பக்கத்தில் தட்டையாக வைத்து, குதிகாலை ஊன்றியபடி பாதத்தை உள்ளும் வெளியுமாகத் திருப்புங்கள். உள்ளங்கைக்கு அடியில் கோலிக்குண்டு போல ஒன்று உருளும். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். காற்சட்டையை அணிந்த பின் பேடின் நடுப்பகுதி அந்தப் புள்ளியின் மேல் வர வேண்டும். ஓரம் வந்தால் போதாது.

பிறகு சைக்கிளின் மேல் நிற்பது போலவே நின்று பாருங்கள். முழங்கால்களை மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, மார்பைத் தாழ்த்துங்கள். நேராக நிற்கும்போது பொருந்தும் பேட் இந்த நிலையில் பல நேரம் நகர்ந்துவிடுகிறது. அப்படியே உள்ளங்கையால் பேடை அழுத்தி, மேல்நோக்கியும் பின்னோக்கியும் தள்ளுங்கள். புள்ளியை விட்டு அது விலகினால் அந்தக் காற்சட்டை உங்களுக்கு உரியதன்று.

வால் எலும்பைப் பொறுத்தவரை, பின்புறமாக உட்கார்ந்த நிலையில் விழுபவர்களுக்கு அங்கே அடிபட்டால் வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கிலும் நீடிக்கும். ஆதலால் அங்கே பேட் இருப்பது நல்லதே. அது நடுக்கோட்டில் மெலிந்து, மென்மையாக, இடுப்பை மடக்கும்போது கூடவே வளைவதாக இருக்கட்டும்.

ஒரு பேட் செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். அது கன்றலையும் சிராய்ப்பையும் நேரடி அடியையும் குறைக்கும். பெரிய வேகத்தில் மரத்தில் மோதினால் இடுப்பெலும்பு உடைவதைத் தடுக்கும் என்று யாரும் நம்பக் கூடாது. அடிபட்ட இடத்தில் வீக்கம் வடியாமல், தண்ணீர்ப் பை போலத் தளும்பினாலோ, மேல்தோல் மரத்துப் போனாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தோலும் கொழுப்பும் தசையுறையிலிருந்து பிரிந்து, இடையில் திரவம் சேரும் மொரெல்-லவாலே காயம் இந்த இடத்தில்தான் அதிகம் வருகிறது. அதைச் சாதாரணக் கன்றல் என்று விட்டுவிட்டுப் பல வாரம் கழித்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுழல்சக்கரம்:

நான் பெண் என்பதால் வேறு ஒரு சிரமத்தைச் சொல்கிறேன். தம்பிக்கும் அது பயன்படலாம். இடுப்புச் சுற்றளவை மட்டும் பார்த்து வாங்கினால் எனக்குத் தொடை பிடிக்கும். தொடைக்குப் பார்த்தால் இடுப்பு தளரும். இடுப்பு, புட்டம், தொடை மூன்றையும் நாடாவால் அளந்து, அந்தந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையோடு ஒப்பிட்டே வாங்குகிறேன். ஒரு நிறுவனத்தின் 'மீடியம்' இன்னொரு நிறுவனத்தின் 'ஸ்மால்' ஆக இருக்கிறது. கடைக்குப் போகும்போது, மேலே அணியும் டவுன்ஹில் காற்சட்டையையும் முழங்கால் காப்பையும் எடுத்துச் செல்லுங்கள். இப்போது வரும் மேல்காற்சட்டைகள் ஒடுக்கமானவை. உள்ளே தடித்த பேட் போனால் முழங்காலை மடக்கும்போது இடுப்பில் இறங்கிவிடுகின்றன.

வெயிலுக்குப் பயப்பட வேண்டாம். துளையிட்ட பேட்களும் வலைத்துணியும் உள்ள காற்சட்டையில் ஆகஸ்ட் நடுப்பகலிலும் ஓட்டியிருக்கிறேன். லிஃப்ட்டுக்கு நிற்கும் வரிசையில்தான் புழுக்கம். இறங்கத் தொடங்கினால் காற்று உள்ளே வந்துவிடும். துவைக்கும்போது பேட்களை உருவி எடுத்துவிட்டு, துணியை மட்டும் இயந்திரத்தில் போடுங்கள். பேட்களை இளஞ்சூட்டு நீரில் கையால் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். திரும்பச் செருகும்போது இடது வலது மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை மாற்றிச் செருகி, பாதி நாள் ஓட்டிய பிறகே கண்டுபிடித்தேன்.

பர்னபிவாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை கடைக்குப் போய்வந்தேன். வீட்டிலேயே பாதத்தைத் திருப்பிப் பார்த்து, புள்ளி வைத்துக்கொண்டு போனேன். எலும்பு அவ்வளவு கீழே இருக்கும் என்று நான் உண்மையில் நினைக்கவில்லை.

இரண்டு காற்சட்டைகளை அணிந்து பார்த்தேன். முதலாவது லெவல் 2. பேட் என் பெருவிரல் அளவு தடிப்பு. நேராக நின்றபோது பொருந்தியது. குனிந்து நின்றவுடன் புள்ளிக்கு மேலே மூன்று விரல் அகலம் ஏறிவிட்டது. ஓர் அளவு சிறியதை எடுத்தால் தொடையில் இரத்தம் ஓடவில்லை. இரண்டாவது லெவல் 1, 'பி' வகை. பேட் அகலமாக, மெல்லியதாக, துளைகளுடன் இருந்தது. கடைக்காரர் அனுமதியோடு அங்கே நின்ற ஒரு சைக்கிளின் மேல் ஏறி நின்று, எவ்வளவு தள்ளிப் பார்த்தும் புள்ளியை விட்டு அது அசையவில்லை. அதையே வாங்கிவிட்டேன். வால் எலும்புப் பேடில் பொறிப்பு எதுவும் இல்லை. அது வெறும் நுரைதான் என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார்.

ஒரேயொரு சந்தேகம், அக்கா. காற்சட்டையின் கால் விளிம்பில் சிலிக்கோன் பட்டி இருக்கிறது. முழங்கால் காப்பின் மேல் விளிம்பிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. எதை உள்ளே விடுவது?

சுழல்சக்கரம்:

முழங்கால் காப்பின் பட்டி நேரடியாகத் தோலைப் பிடிக்கட்டும் தம்பி. துணியின் மேல் வைத்தால் வழுக்கிக் கணுக்காலுக்கு இறங்கிவிடும். முதலில் முழங்கால் காப்பை அணிந்து, பிறகு காற்சட்டையின் விளிம்பை அதற்குச் சற்று மேலே நிறுத்துங்கள். நீளம் அதிகமாகி ஏறியே தீரும் என்றால், காற்சட்டை விளிம்பு காப்பின் மேல் இரண்டு விரல் அகலத்துக்குப் படியட்டும், அதற்கு மேல் வேண்டாம். வியர்த்த பிறகு சரிசெய்வது கஷ்டம்; முதல் லிஃப்ட்டுக்கு முன்பே பத்து முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள்.