முதலில் பிளாட்ஃபாரம், அப்புறம் கம்பெனி

வேலைக்காக வெளிநாடு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கம்பெனியும் ஒத்துவரவில்லை, இணையதளம் கட்டும் பிளாட்ஃபாரமான ட்ருப்பலும் அலுத்துவிட்டது, இரண்டையும் விட்டுவிட்டு, அதே மாதிரி இன்னொரு பிளாட்ஃபாரமான வேர்ட்பிரஸ் பக்கம் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. போகலாம். நானும் அப்படிப் போனவன்தான். ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். இருக்கிற வேலையில் இருந்துகொண்டே பிளாட்ஃபாரத்தை மாற்றுங்கள், அது கைக்கு வந்த பிறகு கம்பெனியை மாற்றுங்கள்.

காரணம் விசா. சொந்த நாட்டில் புது வேலை சரிப்படவில்லை என்றால் நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்து வேறு தேடலாம். இங்கே நாள் எண்ண வேண்டும். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசா என்றால் வேலை போன பிறகு அதிகபட்சம் 60 நாள், ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் தங்க அனுமதித்த தேதி அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர், புது கம்பெனியின் பேரில் விண்ணப்பித்து அனுமதி வந்த பிறகுதான் அங்கே சேர முடியும். ஜெர்மனியில் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி வாங்கி முதல் 12 மாதத்துக்குள் கம்பெனி மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் 30 நாள் வரை அதை நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். ஆஸ்திரேலியா கொஞ்சம் தாராளம்: 2024 ஜூலை 1 முதல், ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் கம்பெனி, இல்லாமல் ஒரு தடவைக்கு 180 நாள், விசா காலம் முழுவதற்கும் சேர்த்து 365 நாள். உங்கள் நாட்டு விதியை அரசுத் தளத்திலேயே படியுங்கள், ரூம்மேட் சொன்னதை நம்பாதீர்கள்.

புது கம்பெனியில் முதல் சில மாதங்கள் புரொபேஷன். அந்த நேரத்தில் புது பிளாட்ஃபாரத்தைத் தடவித் தடவிக் கற்றுக்கொண்டிருந்தால், உங்களை அனுப்பிவிடுவது அவர்களுக்கு மிக எளிது. சேர்த்து மாற்றாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

சரி, இருக்கிற இடத்திலேயே எப்படி மாறுவது? உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2011 ஜனவரி 5 அன்று வந்த ட்ருப்பல் 7-க்கு, சரியாக 14 வருடம் கழித்து 2025 ஜனவரி 5-ல் ஆதரவு முடிந்தது. அதிலிருந்து புது ட்ருப்பலுக்குப் போவது வெறும் அப்கிரேட் இல்லை. 8-ஆம் பதிப்பிலேயே சிம்ஃபனி என்ற நிரல் கட்டமைப்பு, ட்விக் என்ற பக்க வார்ப்பு முறை என்று அடித்தளம் மாறிவிட்டதால், தளத்தின் தோற்றத்துக்கான தீம், நாமே எழுதிச் சேர்த்த மாட்யூல்கள் எல்லாவற்றையும் திரும்ப எழுதத்தான் வேண்டும். எப்படியும் திரும்பக் கட்டுகிறோம், சின்ன தளம்தானே, வேர்ட்பிரஸுக்கே போய்விடலாமே என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. அப்படி ஒரு தளத்தைக் கேட்டு வாங்குங்கள். யாரும் தொட விரும்பாத வேலை அது, அதனால் கிடைத்துவிடும். நான் இரண்டு தளங்களை அப்படி நகர்த்தினேன். பிறகு நேர்காணலில் என்னைக் கேட்டது முழுக்க அதைப் பற்றித்தான். வேர்ட்பிரஸ் மட்டும் தெரிந்தவர்கள் நிறையப் பேர். பழைய ட்ருப்பல் டேட்டாபேஸைத் திறந்து, எந்த ஃபீல்டு எந்த டேபிளில் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் குறைவு.

கற்பது என்று பார்த்தால், இரண்டுமே பிஎச்பி மொழியில் எழுதியவை, இரண்டிலும் ஹூக், அதாவது மூல நிரலைத் தொடாமல் நம் ஃபங்ஷனை நுழைக்கும் இடம், உண்டு. அந்த ஒற்றுமைதான் காலை வாரிவிடும். ட்ருப்பல் 7-ல் ஃபங்ஷனுக்குச் சரியான பெயர் வைத்தால் போதும், அது தானாகக் கூப்பிடப்படும். மதிப்பை மாற்றுவதற்கான ஆல்ட்டர் ஹூக்கில் அது ரெஃபரன்ஸாக, நகலாக இல்லாமல் மூலமாகவே வரும், மாற்றிவிட்டுச் சும்மா வந்துவிடலாம். வேர்ட்பிரஸில் ஆட்_ஃபில்டர் (add_filter) போட்டு நம் ஃபங்ஷனைப் பதிவு செய்ய வேண்டும், முடிவில் மதிப்பை ரிட்டர்ன் செய்தே, அதாவது திருப்பித் தந்தே ஆகவேண்டும். பழக்க தோஷத்தில் நான் ரிட்டர்னை விட்டுவிட்டேன். எல்லாக் கட்டுரையும் காலி. தலைப்பு மட்டும் நிற்கிறது, உள்ளே ஒரு வரி இல்லை. எரர் எதுவும் காட்டாததால் ஒரு மதியம் முழுக்க அந்தத் தளத்தின் தீம் மேல்தான் பழிபோட்டுக்கொண்டிருந்தேன்.

இதைவிட முக்கியம் பாதுகாப்பு. ட்ருப்பலில் படிவங்களைக் கட்டித்தரும் ஃபார்ம் ஏபிஐ, போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் டோக்கனைத் தானே வைத்து, தானே சரிபார்த்துக்கொள்ளும். வேர்ட்பிரஸ் ப்ளக்இன்னில், அதாவது கூடுதல் வசதிக்கான துணை நிரலில், சொந்தமாக ஒரு ஃபார்ம் எழுதினால் நான்ஸ் என்ற அதே மாதிரி டோக்கனை வைப்பது, சரிபார்ப்பது, பயனருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று தனியாகப் பார்ப்பது எல்லாம் உங்கள் வேலை. நான்ஸ் இருந்தாலே அனுமதி இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

டேட்டாவும் வேறு மாதிரி. ட்ருப்பல் 7-ல் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தனி டேபிள். வேர்ட்பிரஸில் பதிவு, பக்கம், படம், பழைய திருத்தம், மெனு உருப்படி எல்லாம் டபிள்யூபி_போஸ்ட்ஸ் என்ற ஒரே டேபிளில் கிடக்கும். முதலில் எரிச்சலாக இருக்கும், பழகிவிடும். அப்புறம், 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 வந்ததிலிருந்து எடிட்டரே ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் ஓடுகிறது. ஜாவாஸ்கிரிப்டைத் தள்ளிப்போட முடியாது.

ஆஃபர் வந்த பிறகு இரண்டு விஷயம். புதிய பதவியின் பெயரும் வேலை விவரமும் உங்கள் விசா எந்தத் தொழில் பிரிவில் இருக்கிறதோ அதற்குப் பொருந்துகிறதா என்று கேளுங்கள். டெவலப்பர் என்று வந்தவரை 'கன்டென்ட் மேனேஜர்' ஆக்கினால் அது சிக்கல். இன்னொன்று, பழைய கம்பெனிக்காக எழுதிய நிரலை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டுக் காட்டாதீர்கள். அது அவர்களுடையது. வார இறுதியில் சின்னதாக ஒரு ப்ளக்இன் எழுதிப் போடுங்கள், அதற்கு முன் உங்கள் ஒப்பந்தத்தில் சொந்த நேர வேலை பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜினாமா கடைசியில். எச்-1பியில் இருப்பவர் புது கம்பெனி மனு தாக்கல் செய்ததுமே அங்கே சேரலாம் என்று விதி இருக்கிறது. நான் என்றால் அனுமதிக் கடிதம் கையில் வரும்வரை பழைய இடத்தை விடமாட்டேன். நோட்டீஸ் பீரியடை அந்தத் தேதியிலிருந்து கணக்குப் போட்டு, சேரும் நாளைப் புது ஆட்களிடம் சொல்லுங்கள். உங்கள்மேல் ஆர்வம் இருந்தால் காத்திருப்பார்கள்.