உமிழ்நீரின் செரிமான வேலை வாயோடு முடிந்துவிடுகிறதா?

கேள்வி (வினாக்குறி):
கவளம் வாயில் இருப்பது அரை நிமிடம்கூட இல்லை. ஸ்டார்ச்சை (மாவுச்சத்தை) உடைக்கும் நொதியான அமைலேஸைக் கணையமும் தாராளமாகச் சுரக்கிறது. அப்படியிருக்க, உமிழ்நீர் அமைலேஸால் (டயலின்) எவ்வளவு ஸ்டார்ச் உடைகிறது? இன்னொரு சந்தேகம்: ஸ்டார்ச் இருந்தால் நீலமாகும் அயோடின் சோதனையில் 15 நிமிடமாகியும் நீலம் மறையவில்லை என்றால் எங்கே கோளாறு இருக்கும்?

பதில் (கவளம்):
வாயில் உடைவது ஏறக்குறைய 5 சதவீதம்தான். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. விழுங்கிய கவளங்கள் இரைப்பையின் மேற்பகுதியில் அப்படியே தங்குகின்றன. அமிலம் வெளிப்புறத்தை நனைத்தாலும் நடுப்பகுதிவரை ஊறச் சில நேரம் ஒரு மணி நேரம்கூட ஆகும். டயலினுக்கு உகந்த பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 6.8. பிஎச் 4-க்குக் கீழே போனதும் அது செயலிழக்கும். அதுவரை கவளத்துக்குள் வேலை ஓயாது. இப்படியே 30 முதல் 40 சதவீத ஸ்டார்ச் சிறுகுடலுக்குப் போகும் முன்பே மால்டோஸ் என்ற சர்க்கரையாகவும் டெக்ஸ்ட்ரின் என்ற சிறிய ஸ்டார்ச் துண்டுகளாகவும் மாறிவிடக்கூடும்.

மெல்லாமல் விழுங்கினால் உமிழ்நீர் கவளத்தின் மேலே மட்டும்தான் ஒட்டியிருக்கும். அமிலம் முதலில் தொடுவதும் அந்த மேற்பரப்பைத்தான். நன்றாக மெல்லச் சொல்வதற்கு இது வலுவான காரணம்.

பதில் (சோதனைக்குழாய்):
சோதனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1 கிராம் ஸ்டார்ச்சைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் குழைத்து, கொதிநீரில் ஊற்றிக் கலக்கி, மொத்தம் 100 மில்லி ஆக்குங்கள். 37 டிகிரிக்கு ஆறியபின்தான் உமிழ்நீர் சேர்க்க வேண்டும். பலருக்கும் சறுக்குவது இங்கேதான்: சூடான கரைசலில் நொதி உருக்குலைந்துவிடும், பிறகு எவ்வளவு காத்திருந்தாலும் பயனில்லை.

வாயை நீரில் கொப்பளித்து, சில நிமிடம் கழித்துச் சேரும் உமிழ்நீரைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். வாலைவடிநீரைவிட 0.9 சதவீத உப்புக் கரைசல் நல்லது. குளோரைடு அயனி குறைந்தால் அமைலேஸ் மந்தமாகிவிடும். 5 மில்லி ஸ்டார்ச்சுக்கு இதில் 1 மில்லி. நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து, வெள்ளைத் தட்டில் வைத்த அயோடின் துளியோடு கலந்து பாருங்கள். அயோடினைக் குழாய்க்குள்ளேயே ஊற்றினால் நொதியின் வேலை கெடும். நீலம், செம்பழுப்பு, பிறகு அயோடினின் மஞ்சள் என்று நிறம் மாறிவர வேண்டும்.

கொதிக்கவைத்த உமிழ்நீரோடு இன்னொரு குழாயும் வையுங்கள். அது கடைசிவரை நீலமாகவே இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் மாற்றம் மெதுவாக இருந்தால் வேறொருவர் தன் உமிழ்நீரில் செய்து பார்க்கலாம். அமைலேஸ் மரபணுவின் நகல்களின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடும், நொதியின் அளவும் அப்படியே.

வினாக்குறி:
மிக்க நன்றி. சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் நொதி நீர்த்துப்போகாதா?

பதில் (நாவடி):
உமிழ்நீரிலேயே 99 சதவீதம் தண்ணீர்தான். ஒரு நாளில் சுரப்பது அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை. இடையில் சில மடக்கு குடிப்பதால் செரிமானம் கெடாது, மிச்ச ஸ்டார்ச்சைக் கணைய அமைலேஸ் பார்த்துக்கொள்ளும். அரைகுறையாக மென்றதைத் தண்ணீர் விட்டு உள்ளே தள்ளுவதுதான் தவறு.

என்னைக் கேட்டால் டயலினைவிட உமிழ்நீரின் வழுவழுப்பான பொருளான மியூசினைத்தான் முதலில் சொல்வேன். நாவடிச் சுரப்பியும் கீழ்த்தாடைச் சுரப்பியும் தரும் இந்த வழுவழுப்பு இல்லாவிட்டால் துகள்கள் கவளமாகத் திரளாது, தொண்டையில் இறங்காது. உணவு கரையாவிட்டால் சுவையும் தெரியாது. வாய் வறட்சி உள்ளவர்கள் ஸ்டார்ச்சை ஓரளவு நன்றாகவே செரிக்கிறார்கள். உலர்ந்த உணவை விழுங்கத்தான் திண்டாடுகிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் அவசியம்.