வெண்கல இக்காரஸ்: முதுகுப் பகுதியை வார்க்க யோசனை வேண்டும்

வணக்கம். வெண்கல வார்ப்பில் கை பழகியவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

மெழுகால் ஒட்டிய சிறகோடு பறந்து, வெயிலில் மெழுகு உருகி விழுந்த கிரேக்கப் புராண இளைஞன் இக்காரஸ். அவனைப் பறக்கிறவனாக இல்லாமல், விழுந்த பிறகு குந்தி உட்கார்ந்திருப்பவனாகச் செய்கிறேன். உயரம் சுமார் 60 செ.மீ. மெழுகு உரு முடிந்துவிட்டது. மெழுகு உருகியதால் வீழ்ந்தவனை அச்சிலிருந்து மெழுகை உருக்கி வெளியேற்றியே வார்க்கப்போகிறோம் என்ற எண்ணம் என்னை விடவே மாட்டேன் என்கிறது.

பிரெஞ்சுச் சிற்பி ரொதான் 1877-ல் காட்சிக்கு வைத்த 'வெண்கல யுகம்' சிலையில், கையிலிருந்த ஈட்டியை அவர் நீக்கிய பிறகுதான் அந்த இளைஞன் அவ்வளவு நிராதரவாகத் தெரிகிறான். அதனால்தான் நானும் சிறகை முழுசாக எடுத்துவிட்டேன்.

சிக்கல் முதுகில். சிறகு பிய்ந்த இடத்தில் என் கட்டைவிரல் தடங்களை அப்படியே விட்டிருக்கிறேன். ஓரங்கள் தாள் மாதிரி மெலிந்தவை. மற்ற இடங்களில் கனம் 5 மி.மீ. மெல்லிய ஓரத்தை எட்டுமுன் உலோகம் உறைந்துவிடும், கனம் சட்டென்று மாறும் இடத்தில் சுருங்கிக் குழி விழும் என்று பயம். ஓரத்தை உள்பக்கமாகக் கனப்படுத்துவதா, அந்த இடத்துக்கு உலோகம் பாயத் தனி ஓடை வைப்பதா? தனியாக வார்த்துப் பற்றவைக்கலாம், ஆனால் இணைப்பை ராவும்போது விரல்தடம் போய்விடும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது நிறம். உடம்புக்கு லிவர் ஆஃப் சல்ஃபர் என்ற கந்தகக் கலவை தரும் அடர் பழுப்பு போதும். காயத்தில் மட்டும், சூடேற்றிய உலோகத்தில் ஃபெரிக் நைட்ரேட் என்ற இரும்பு உப்பைப் பூசிச் செம்பழுப்பு கொண்டுவர நினைக்கிறேன். இரண்டும் சேரும் இடத்தில் கோடு விழாமல் இருக்க எதை முதலில் பூசுவீர்கள்? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.