புதுப்பிப்பு: ஊட்டிப் பனியில் வறண்டு செதில் உதிர்ந்த கால் தோல், இப்போது சரியாகிவிட்டது

முழங்காலுக்குக் கீழே தோல் வெடித்து, இரவெல்லாம் அரிக்கிறது என்று மார்கழியில் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, "துவட்டி முடிக்காதீங்க, ஈரத்தோடு தடவுங்க" என்ற யோசனைதான். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, குளியலறையை விட்டு வெளியே வருவதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் க்ரீம். இரவில் அதன்மேல் மெல்லிசாக வாசலின். தோலில் இருக்கும் ஈரத்தை அது வெளியேற விடாது. க்ரீம் அதே பழைய க்ரீம்தான், தடவும் நேரம் மட்டுமே மாறியது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வதை விட்டு வெதுவெதுப்பான தண்ணீருக்கு வந்தேன் (இந்தக் குளிரில் அதுதான் பெரிய தியாகம்). சோப்பு அக்குள், இடுக்கு, பாதத்துக்கு மட்டும். முதலில் அரிப்பு நின்றது, செதில் மறையக் கொஞ்சம் தாமதமானது.

குதிகாலுக்கு 10 சதவீத யூரியா க்ரீம் சொன்னவருக்குத் தனி நன்றி. தடித்த தோல் நன்றாக இளகிவிட்டது. ஆனால் வெடிப்பு ஆழமாக இருந்த இடத்தில் பட்டதும் சுரீரென்று எரிந்தது. அங்கே வெறும் வாசலின் போட்டு, வெடிப்பு மூடிய பிறகே யூரியா தடவினேன். எலுமிச்சைச் சாறு தடவலாம் என்று இங்கே வந்த யோசனையை, அந்த எரிச்சலுக்கு அப்புறம், தொடவே இல்லை.

எதிர்பாராத ஒன்று: கம்பளி சாக்ஸும் அரிப்பைக் கிளப்பியிருக்கிறது. உள்ளே ஒரு பருத்தி சாக்ஸ் போட்டதும் கணுக்கால் அடங்கிவிட்டது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாத வெடிப்பை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.