நியூக்ளியஸுக்குள் வெள்ளை வலை, ஸ்பிண்டிலைக் காணோம்

கேள்வி:
பேக்கரி ஈஸ்டின் ஸ்பிண்டிலை (செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரிக்கும் மைக்ரோட்யூபூல் கட்டு; மைக்ரோட்யூபூல் என்பது நுண்ணிய புரதக் குழாய்) எலக்ட்ரான் டோமோகிராஃபியில், அதாவது பல கோணப் படங்களைச் சேர்த்து முப்பரிமாணத்தில், பார்க்க வேண்டும். ஹை பிரஷர் ஃப்ரீசிங் (உயர் அழுத்தத்தில் நொடியில் உறைய வைப்பது), அசிட்டோனில் ஃப்ரீஸ் சப்ஸ்டிட்யூஷன் (உறைந்த நீரைக் குளிரிலேயே அசிட்டோனால் மாற்றுவது), பிறகு எச்எம்20 என்ற பிளாஸ்டிக் ரெசினில் பதிப்பது. செல் சுவர் நன்றாக இருக்கிறது. நியூக்ளியஸுக்குள் மட்டும் மீன்வலை மாதிரி வெள்ளை ஓட்டைகள், மைக்ரோட்யூபூல் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. செல்களை ஐஸில் வைத்து, சென்ட்ரிஃப்யூஜ் செய்து, உறைய வைக்கும் உலோகத் தட்டின் 200 மைக்ரான் ஆழக் குழியில் நிரப்பினேன். எங்கே தப்பு?

பதில் 1:
அந்த வலை ஐஸ் படிகத்தின் தடம். தண்ணீர் படிகமாகும்போது புரதத்தையும் டிஎன்ஏவையும் ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

முதலில் ஐஸை விடுங்கள். குளிரில் மைக்ரோட்யூபூல் கரைந்துபோகும். அதன்பின் எவ்வளவு நன்றாக உறைய வைத்தாலும் பார்க்க எதுவும் மிஞ்சாது. சென்ட்ரிஃப்யூஜும் வேண்டாம். ஓடி (கலங்கல் அளவு) 0.5 அளவில் வளரும் கல்ச்சரில் 10–15 மில்லி எடுத்து, 0.45 மைக்ரான் ஃபில்டரில் வாக்குவம் போட்டு வடியுங்கள். ஃபில்டர் மேல் ஈரப் பளபளப்பு மங்கும் நொடியில் வாக்குவத்தை நிறுத்தி, ஃபில்டரை அகார் தட்டில் வைத்துவிடுங்கள். அதற்குமேல் விட்டால் செல் காய்ந்து சுருங்கும். பற்பசைப் பதத்தில் இருக்கும் பேஸ்ட்டைப் பல்குச்சியால் எடுத்து 100 மைக்ரான் குழியில் விளிம்பு மட்டத்துக்கு நிரப்புங்கள். மூடியின் தட்டைப் பக்கத்தில் ஹெக்ஸாடெசீன் என்ற எண்ணெய் போன்ற திரவத்தைத் தடவ வேண்டும். குமிழி இருக்கவே கூடாது: 2100 பார் அழுத்தத்தில் காற்று நசுங்கும், செல்லுக்கு அழுத்தம் சரியாகப் போய்ச் சேராது.

பதில் 2:
உறைந்த பிறகும் கெடலாம். சாம்பிள் மைனஸ் 90 டிகிரிக்கு மேல் சூடேறினால் படிகம் வளர ஆரம்பிக்கும். இடுக்கி நுனியை லிக்விட் நைட்ரஜனில் வைத்து, கொதிப்பு அடங்கிய பிறகே சாம்பிளைத் தொடுங்கள். உலோகத்தை ஒட்டிய செல்கள் நன்றாக இருந்து நடுவில் மட்டும் வலை தெரிந்தால், குற்றம் குழியின் ஆழத்தில்தான்.

கேட்டவர்:
நன்றி. செக்‌ஷன் எத்தனை தடிமன்? எத்தனை மைக்ரோட்யூபூல் எதிர்பார்க்கலாம்?

பதில் 1:
200–250 நானோமீட்டர், தொடர் செக்‌ஷன்களாக. ஒன்றுகூடத் தவறக் கூடாது. இருபக்கமும் 15 நானோமீட்டர் தங்கத் துகள் போட்டு, ±60 டிகிரி சாய்வில் ஒரு டிகிரிக்கு ஒரு படம். பிறகு கிரிட்டை 90 டிகிரி திருப்பி மறுபடியும் எடுங்கள். முதலில் நியூக்ளியஸ் உறையில் பதிந்திருக்கும் அடுக்குத் தட்டான ‘ஸ்பிண்டில் போல் பாடி’யை (spindle pole body, மைக்ரோட்யூபூல்கள் கிளம்பும் முனை) தேடுங்கள். ஹாப்ளாய்டில் (ஒரே தொகுதி குரோமோசோம் உள்ள செல்லில்) 16 குரோமோசோம், கைனெட்டோகோருக்கு (குரோமோசோமில் மைக்ரோட்யூபூல் பற்றும் இடம்) ஒரு மைக்ரோட்யூபூல், மேலும் எதிர்ப் பக்கம் நீள்பவை நாலு. ஆக ஒரு முனையில் 20 அளவில் வரும். 1995-இல் மார்க் வைனி குழு தொடர் செக்‌ஷன்களில் எண்ணிக் காட்டியதும் இதுதான். பத்துப் பன்னிரண்டோடு நின்றால் அடுத்த செக்‌ஷனைப் பாருங்கள், மீதி அங்கே இருக்கும்.