டிரில் மெஷின் வாங்கினேன், அப்புறம் ஓட்டை போட ஆள் தேடினேன்

கோத்தகிரிக்காரன்:

போன மாதம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சமையலறைச் சுவரில் சாமான் வைக்க ஒரு அலமாரித் தட்டு மாட்ட வேண்டும், நாலே நாலு ஓட்டை, இதற்குப் போய் ஆளைக் கூப்பிடுவானேன் என்று ஆன்லைனில் டிரில் மெஷின் வரவழைத்தேன். எங்களுடையது தாத்தா கட்டிய வீடு, கல் சுவர், நடுவில் மண் சாந்து. பிட் உள்ளே போனதும் சாந்து பொலபொலவென்று கொட்டி இரண்டு விரல் நுழைகிற அளவுக்குக் குழியாகிவிட்டது. விட்டிருக்கலாம். விடாமல் மூன்றாவது ஓட்டை போட்டேன், அங்கே பூச்சுக்குள் புதைத்த தண்ணீர்க் குழாய். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, வாளியைக் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் ஹார்டுவேர் கடைக்கு ஓடி, "அண்ணா, ஒரு பிளம்பர் வேணும்" என்று நின்றேன். பத்து நிமிடத்தில் ஆள் வந்துவிட்டார்.

அந்தக் கடை வாசலில் நின்றபோது சீனாவின் தியான்ஜின் நகரம் ஞாபகம் வந்தது. 2010 வாக்கில் வேலைக்காக ஒன்றரை வருடம் அங்கே இருந்தேன். வீடு கட்ட, பழுதுபார்க்கச் சாமான் விற்கும் அமெரிக்காவின் ஹோம் டிப்போ அப்போது அங்கே கடை வைத்திருந்தது. 2006 டிசம்பரில் ஹோம் வே என்ற சீனக் கம்பெனியின் 12 கடைகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவர்கள். கூட வேலை பார்த்த சீனர் ஒருவர் புதிதாக ஃபிளாட் வாங்கியிருந்தார். அங்கே புது ஃபிளாட் என்றால் பெரும்பாலும் வெறும் சிமெண்ட் பெட்டிதான். தரை, குழாய், கதவு, விளக்கு எல்லாம் வாங்கியவர் பாடு. இப்படி ஒரு ஊரில் வீட்டுச் சாமான் கடை போட்டால் பணம் கொட்டாதா என்று நமக்குத் தோன்றும். அவரோடு ஒரு சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். டைல்ஸைத் தடவிப் பார்த்தார், போட்டோ எடுத்தார், விலையைக் குறித்துக்கொண்டார், கிளம்பிவிட்டார். ஏன் வாங்கவில்லை என்று கேட்டதற்கு, ஒட்டப்போகிறவர் மேஸ்திரி, அவர் சொல்கிற சந்தையில்தான் வாங்குவேன் என்றார்.

2012 செப்டம்பரில் மிச்சம் இருந்த 7 பெரிய கடைகளையும் மூடிவிட்டார்கள். சுமார் 850 பேருக்கு வேலை போனது, கணக்கில் 16 கோடி டாலர் நஷ்டம் எழுதினார்கள். தியான்ஜினில் பெயிண்டும் தரையும் விற்கும் ஒரு கடை, உள் அலங்காரத்துக்கு ஒரு கடை, இந்த இரண்டை மட்டும் விட்டு வைத்தார்கள். இங்கே ஜனங்கள் தாங்களே செய்வதில்லை, செய்து தரத்தான் ஆள் கேட்கிறார்கள் என்று கம்பெனியே காரணம் சொன்னது. அதைக் கண்டுபிடிக்க ஆறு வருடம். எனக்கு மூன்று ஓட்டை.

கூலி குறைவான ஊரில் இப்படிக் கடை ஓடாது என்பது என் கணக்கு. இந்த மாதிரி பெரிய கடை அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.

குன்னூர் கடைப்பையன்:

எங்கள் கடை குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம், அப்பா காலத்திலிருந்து. காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதலில் வருவது மேஸ்திரியும் பிளம்பரும்தான். கையில் துண்டுச் சீட்டு: அரை இஞ்ச் எல்போ 4, டேப் 2, சொல்யூஷன் சின்னது 1. வீட்டுக்காரர் முகத்தையே பார்க்காமல் அவர் வீட்டுக்கு ஒரு முழு பாத்ரூம் சாமான் போயிருக்கும். கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வோம், தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இலைப் பணம் வந்ததும் கொடுப்பார்கள், வராத மாதம் நாங்களும் கேட்க மாட்டோம். மிச்சமான பைப்பைத் திருப்பி எடுத்துக்கொள்வோம். ஆள் வேண்டும் என்று வருபவருக்கு ஆளையும் அனுப்புவோம், அதற்குக் காசு கிடையாது. ஆனால் அந்த ஆள் சாமான் வாங்க எங்களிடம்தானே வருவார்.

பெயிண்ட் வாளிக்குள் டோக்கன் போடுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? வாளியைத் திறந்ததும் பெயிண்டர் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார், அதற்குப் பணம் உண்டு. காசு கொடுப்பது வீட்டுக்காரர், டோக்கன் பெயிண்டருக்கு. எந்தப் பெயிண்ட் என்று முடிவு பண்ணுவது யார் என்று கம்பெனிக்காரனுக்கு நன்றாகவே தெரியும்! அமெரிக்காக்காரர்கள் இந்த டோக்கனை ஒரு தடவை பார்த்திருந்தால் 12 கடை வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

2012 செப்டம்பர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அதே மாதம்தான் இங்கே பல பிராண்டு விற்கும் சில்லறைக் கடைகளில் 51 சதவீதம் வெளிநாட்டு முதலீட்டுக்கு மத்திய அரசு கதவைத் திறந்தது, மாநிலங்கள் விரும்பினால் விடலாம் என்று. தமிழ்நாடு வேண்டாம் என்றது. 20-ஆம் தேதி பந்த் நடந்தது, எங்கள் கடையும் ஷட்டரை இறக்கியது. அப்பா பயந்துதான் போயிருந்தார். அமெரிக்காக்காரர்கள் சீனாவில் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அப்புறம், நீலகிரியில் 7 மீட்டருக்கு மேல் கட்டவே விட மாட்டார்கள், அவ்வளவு பெரிய கொட்டகை மாதிரிக் கடையைக் கொண்டுவந்து எங்கே நிறுத்துவது?

லவ்டேல்:

கோத்தகிரிக்காரர் சொல்வது சீனாவுக்குச் சரி. நான் பார்த்தது வேறு கதை. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தபோது செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம் குடியிருந்தேன். அங்கே கூலி எக்கச்சக்கம், அதனால் டாக்டர்கூட ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டுத் தானே பெயிண்ட் அடிப்பார். சொந்தக் கையால் செய்கிற ஜனங்கள்தான். ஆனாலும் இதே மாதிரி வீட்டு வேலைச் சாமான் விற்கும் ஆஸ்திரேலியாவின் பன்னிங்ஸ் அங்கே தோற்றது.

அதன் தாய்க் கம்பெனி வெஸ்ஃபார்மர்ஸ் 2016-ல் ஹோம்பேஸ் என்ற பழைய கடைச் சங்கிலியை 34 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2017 பிப்ரவரியில் பன்னிங்ஸ் பெயரில் முதல் கடை எங்கள் செயின்ட் ஆல்பன்ஸில்தான் திறந்தார்கள். ஆஸ்திரேலியாவில் வார இறுதியில் அந்தக் கடை வாசலில் சாசேஜ் சுட்டு விற்பது ஒரு வழக்கம், அதை இங்கிலாந்துக்கும் கொண்டுவந்தார்கள். தோட்டத்துக்கு ஒரு களைக்கொத்தி வாங்கப் போய் ரொட்டியில் வைத்த சாசேஜ் தின்றுவிட்டு வந்தேன், நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஹோம்பேஸுக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் சுத்தியல் வாங்கப் போகிறவர்கள் இல்லை. திரைச்சீலை, குஷன், விளக்கு, சுவர்க் காகிதம். லாரா ஆஷ்லி, ஹாபிடாட் என்ற பிராண்டுகளுக்குக் கடைக்குள்ளேயே தனி மூலைகள் இருந்தன. வந்ததும் அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அங்கத்திய வியாபாரம் தெரிந்த மேலாளர்களையும் அனுப்பிவிட்டார்கள், இதுதான் பெரிய தப்பு என்பேன். மருமகள் வந்த அன்றே மாமியாரின் அஞ்சறைப் பெட்டியைத் தூக்கிப் போட்ட மாதிரி. 2018 மே மாதம் மொத்தத்தையும் ஹில்கோ என்ற கம்பெனிக்கு விற்றார்கள். விலை ஒரு பவுண்டு. அன்றைக்கு நம்ம காசில் சுமார் 90 ரூபாய். ஊட்டி சேரிங் கிராஸில் நாலைந்து டீயும் கூட வர்க்கியும் வரும்.

கேத்தி:

நான் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடையில் நாமே கோத்துக்கொள்கிற அலமாரி வாங்கினேன். படத்தைப் பார்த்து மூன்று மணி நேரம் கோத்தேன், பெருமையாக இருந்தது. ஆடி மாதச் சாரலில் கீழ்ப் பலகை அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. ஆசாரி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இது மரம் இல்லீங்க, தூளு" என்றார். இங்கே ஓதத்துக்கு எது நிற்கும் என்று கீழே இருக்கிற கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? என் தப்புதான்.

மேட்டுப்பாளையம் லோடு:

ஆள் அனுப்பினால் சீனாவில் பிழைத்திருக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதே மாதிரிக் கடையான பிரிட்டனின் பி அண்ட் கியூ 1999-லேயே ஷாங்காயில் கடை போட்டது, ஜெர்மனியின் ஓபி 2005-ல் கிளம்பியபோது அதன் சீனக் கடைகளையும் வாங்கியது, 60 கடைக்கு மேல் போனது. வீட்டை வடிவமைத்து வேலையும் முடித்துத் தருகிறோம் என்றும் செய்து பார்த்தார்கள். வீடு விற்பனை மந்தமானதும் கடைகளைக் குறைத்தார்கள், 2014-ல் 70 சதவீதத்தை வுமெய் என்ற சீனக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஊர்ச் சந்தையோடு விலையில் மோதுவது லேசு இல்லை.

ஹட்டிப் பெண்:

எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், வீடு ஒரே மூச்சில் கட்டியதே இல்லை. பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்த வருடம் ஒரு அறை, அடுத்த நல்ல வருடம் கக்கூஸ், அப்புறம் மாடிக்குத் தகரம். இப்போது விலை இருக்கிற நிலைமையில் மாடிப்படி பாதியில் நிற்கிறது, ஆறு வருடமாக. அப்பா அவ்வப்போது நாலு மூட்டை சிமெண்ட் வாங்கிவந்து அடுக்குவார், பாதி கட்டியாகிவிடும். இப்படிப்பட்ட வாடிக்கையாளரைப் பற்றி யாரும் பேசவில்லையே?

கோத்தகிரிக்காரன்:

ஹட்டிப் பெண், நீங்கள் சொன்னதும் எனக்கு மெக்சிகோ விளங்கிவிட்டது. அங்கேயும் கூலி குறைவுதான், ஆனாலும் 2001-ல் நுழைந்த அதே ஹோம் டிப்போ அங்கே 100 கடைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது.  மெக்சிகோவில் ஏராளமானோர் உங்கள் அப்பா மாதிரிதான்: கையில் காசு வரும்போது ஒரு அறை, ஒரு சுவர், சொந்தக்காரரும் ஒரு கொத்தனாருமாகச் சேர்ந்து. வருடா வருடம் சிமெண்டும் கம்பியும் வேண்டும். சீனத்து ஃபிளாட்காரர் ஒரே தடவையில் ஒரு மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டுச் சாவி வாங்கிக்கொள்வார், அப்புறம் பத்து வருடத்துக்கு ஒரு ஆணிகூட வாங்க மாட்டார். கூலியை மட்டும் வைத்து நான் கணக்குப் போட்டது தப்பு.

லோடு அண்ணா சொன்ன ஆள் அனுப்பும் கதையில் ஒன்று. நாமே கோத்துக்கொள்கிற மேசை, அலமாரி விற்கும் ஐகியா 2018-ல் ஹைதராபாத்தில் திறந்தபோது, கோத்துத் தர, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அர்பன்கிளாப் கம்பெனியோடு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டுதான் வந்தது. சீனாவில் பட்டவர்களைப் பார்த்தோ என்னவோ.

டிரில் மெஷின் என்ன ஆச்சு என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். குழாயைச் சரிசெய்த பிளம்பர், "ஒரு வேலை இருக்கு சார், நாளைக்குக் கொடுத்துடறேன்" என்று வாங்கிப் போனார். மூன்று வாரமாகிறது. தட்டை அவரே மாட்டிவிட்டார், பழைய கை டிரில்லில்.