லாம்டா ஃபேஜை எந்தக் குடும்பத்தில் எழுதுவது?

வணக்கம். எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் முதலாண்டு. துறைச் சுவரில் மாட்ட ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) வகைப்பாட்டுச் சார்ட் ஒன்று வரைகிறேன், வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். ஒரே ஒரு கட்டத்தில் மூன்று நாளாக நிற்கிறேன்.

என்னிடம் இருப்பது 2011-இல் வந்த பாடநூல். அதில் வாலை வைத்துத்தான் குடும்பம்: சுருங்கும் வால் என்றால் மயோவிரிடே (டி4 ஃபேஜ் போல), நீண்டு சுருங்காத வால் சைஃபோவிரிடே (லாம்டா), குட்டை வால் போடோவிரிடே. பார்த்தாலே மனதில் நிற்கும். ஆனால் மரபணு வரிசைகளை ஒப்பிட்டதில், வால் ஒன்றாக இருப்பவை உறவாகவும் இருக்க வேண்டியதில்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் வைரஸ் வகைப்பாட்டுக்கான பன்னாட்டுக் குழு 2022-இல் இந்த மூன்று குடும்பங்களையும் நீக்கிவிட்டது.

சரி என்று குழுவின் பட்டியலை இறக்கித் தேடினேன். டி4-க்குச் சிக்கலில்லை, ஸ்ட்ராபோவிரிடே. லாம்டாவுக்கு வகுப்பு காடோவிரிசீட்டிஸ், பேரினம் லாம்டாவைரஸ் என்று இருக்கிறது. நடுவில் குடும்பம் என்ற இடம் காலி! கோப்புதான் பழுதோ என்று மறுபடி இறக்கினேன், அதேதான். சீனியரிடம் கேட்டால் "சைஃபோன்னே எழுது, யார் பார்க்கப் போறா" என்கிறார். எழுதி அழித்து எழுதி அழித்து அந்தக் கட்டத்தில் சார்ட் தாளே நைந்துவிட்டது.

பாடம் எடுப்பவர்கள் சொல்லுங்கள்: குடும்பக் கட்டத்தில் "ஒதுக்கப்படவில்லை" என்று எழுதுவது சரியா, அல்லது வகுப்பிலிருந்து நேராகப் பேரினத்துக்குக் கோடு இழுத்துவிடலாமா?